ஆறு வயதுவரை பிள்ளை எங்கே இருக்கும்?

கேரள அரசு ஊழியர்களுக்கு மே 31 ஒரு விசேஷ நாள். அந்த ஒரே நாளில் ஓய்வு பெறுகிறவர்களின் எண்ணிக்கை பல ஆண்டுகளில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் தொடங்கி மலையோரப் பள்ளிக்கூடம்வரை அன்றைக்குப் பொன்னாடையும் பிரிவுபசாரமும்தான். இத்தனை பேருக்கும் ஓய்வூதியப் பலன்களைக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது என்று நிதித் துறை கையைப் பிசைந்துகொண்டிருக்கும்.

ஒரு மாநிலத்துத் தாய்மார்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல மே மாதத்தில் பிள்ளை பெற்றார்களா என்ன? சமாசாரம் வேறு. பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் 1. அன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது கேரளக் கல்வி விதிகளின் கணக்கு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. அந்தக் காலத்து வீடுகளில் பிள்ளையின் நட்சத்திரம் தெரியும், ஆங்கிலத் தேதி தெரியாது. கையில் பிடித்து அழைத்துவந்த பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மே மாதத்தில் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார் தலைமை ஆசிரியர். நாலேகால் வயதுப் பிள்ளை ஐந்து வயதுக்காரன் ஆனான். அரை நூற்றாண்டு கழித்து அதே ஆள், உண்மையான 56 வயதுக்குப் பல மாதங்கள் முன்பாகவே, பொன்னாடை போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். சீக்கிரம் சேர்த்துவிட்டோம் என்று அப்பா பட்ட சந்தோஷத்துக்கு மகன் கட்டிய வட்டி சில மாதச் சம்பளம்.

இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது. தேதியை நகர்த்த முடியாது. பிள்ளையைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்துகிற திசையும் மாறிவிட்டது. "ஒரு வருசம் கழிச்சுச் சேத்தா என்ன?" என்ற பேச்சு திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் கரமனை அக்கிரகாரத்திலும் சாதாரணமாகக் கேட்கிறது. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பிறந்த பிள்ளைகளின் வீடுகளில் இதுதான் ஜனவரி மாதத்து விவாதம். அம்மா ஒரு பக்கம், ஆச்சி ஒரு பக்கம். "மக்கா, ஒரு வருசம் வீட்ல கெடந்தா பிள்ளைக்கு என்ன கொறஞ்சுபோயிரும்?" என்று ஆச்சி கேட்டால், எதிர்வீட்டுப் பிள்ளை அடுத்த ஜூனில் யூகேஜி போய்விடுமே என்று அம்மாவுக்குக் கவலை.

அரசாங்கமும் இந்த விவாதத்துக்குள் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயதுவரையுள்ள ஐந்து ஆண்டுகளை ஒரே கட்டமாக வைக்கிறது: மூன்று ஆண்டுகள் அங்கன்வாடி அல்லது முன்பருவப் பள்ளி, பிறகு ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள். இதன்படி ஒன்றாம் வகுப்பில் சேர ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். 2023இல் ஒன்றிய அரசு இதை வலியுறுத்தி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியபோது, எங்களுக்கு ஐந்துதான் என்று சொன்ன மாநிலம் கேரளம். அதே மாநிலத்தின் பொதுக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி 2025 மார்ச் இறுதியில், 2026-27 கல்வியாண்டு முதல் ஆறு வயது என்று அறிவித்தார். அப்போது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. இப்போதே பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆறு வயதுக்குப் பிறகுதான் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள் என்றார். அதாவது அரசு முடிவெடுக்கும் முன்பே பெற்றோரில் பாதிப் பேர் முடிவெடுத்துவிட்டார்கள். மீதிப் பாதி ஏன் எடுக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

எழுத்தைத் தொடங்கும் விஷயத்தில் கிழக்கேகோட்டைக்குத் தனிப் பெருமை உண்டு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனைச் சரஸ்வதி யானை ஏறிப் புறப்பட்டு, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் துணைவர, குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக வந்து, பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் கொலுவிருக்கிறாள். கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது ஐதிகம். 1956இல் எல்லைக்கோடு விழுந்து, சரஸ்வதியின் ஊர் தமிழ்நாட்டிலும் கொலு மண்டபம் கேரளத்திலும் ஆனபிறகும் பயணம் நிற்கவில்லை. களியக்காவிளையில் இரண்டு மாநிலக் காவல் துறையும் மரியாதை செய்து அனுப்பிவைக்கின்றன.

பத்தாம் நாள் விஜயதசமி. நகரத்தின் கோயில்களிலும் பூஜப்புரை சரஸ்வதி மண்டபத்திலும் ஐராணிமுட்டம் துஞ்சன் நினைவகத்திலும், ஏன், பத்திரிகை அலுவலகங்களிலும்கூட வித்யாரம்பம் நடக்கும். ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசி. குருவாக உட்கார்ந்திருப்பவரின் மடியில் ஒரு மூன்று வயது. அதன் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுதவைப்பார். தங்க மோதிரத்தால் நாக்கில் எழுதுவார். பிள்ளை பெரும்பாலும் அழும், அல்லது அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும், அல்லது பக்கத்துப் பிள்ளை அழுவதைப் பார்த்து யோசித்துவிட்டுத் தானும் தொடங்கும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். அப்புறம் கற்கண்டு, பழம், வீடு. அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளையிடம் "எங்கே, எழுதிக் காட்டு" என்று யாரும் கேட்க மாட்டார்கள். மரபு மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்டது இந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

அதே மூன்று வயதுப் பிள்ளை எட்டு மாதம் கழித்து ஜூனில் எல்கேஜிக்குப் போகிறது. காலை எட்டு மணிக்குள் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முனையில் நின்று பாருங்கள். சிட்டி பஸ்களுக்கு நடுவே நெளிந்துபோகும் ஆட்டோக்களில் டையும் ஷூவுமாகத் தூங்கி வழியும் பிள்ளைகள். பை நிறைய நோட்டு. நாலுகோடு நோட்டில் சின்ன ஏபிசிடி, பெரிய ஏபிசிடி, அதையே வளைத்துச் சேர்த்து எழுதும் கர்சிவ், நூறுவரை எண்கள். வீட்டுப்பாடம் தனி. பென்சிலை முஷ்டியால் பிடிக்கிற வயது அது. விரல் நுனிகளால் பிடித்து, கோட்டுக்குள் வளைவைத் திருப்பும் பக்குவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரைக்குமேல்தான் கூடிவரும். அதுவும் மண்ணைப் பிசைந்து, மணி கோத்து, காகிதம் கிழித்து, படியேறி இறங்கி வருகிற பக்குவம். தமிழ், மலையாள எழுத்துகளின் சுழிகளை நினைத்துப் பார்த்தால், முஷ்டிக்குள் பென்சிலோடு ஒரு பிள்ளை 'ழ' போட முயல்வது எத்தகைய உழைப்பு என்று புரியும்.

ஆகவே என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பிள்ளை பள்ளிக்குத் தயாரா?" என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எல்கேஜி என்ற பெயரில் நாம் நடத்துவது பழைய இரண்டாம் வகுப்பு. அதற்கு எந்த மூன்று வயதும் தயாராக இருக்காது, இருக்கவும் வேண்டாம். பெற்றோர் ஒரு வருடம் தள்ளிப்போடுவது அநேகமாக இந்த வகுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளத்தான்.

தள்ளிப்போட்டால் உண்மையில் லாபம் உண்டா? உலகம் இதை நிறையவே அளந்து பார்த்திருக்கிறது. கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் பல நாடுகளின் தேர்வு மதிப்பெண்களை வைத்துக் காட்டியது இது: ஒரே வகுப்பில் வயதில் மூத்த பிள்ளைகளைவிட இளைய பிள்ளைகள் நான்காம் வகுப்பில் 4 முதல் 12 சதமானப் புள்ளிவரை பின்தங்கியிருக்கிறார்கள், எட்டாம் வகுப்பிலும் 2 முதல் 9வரை அந்த இடைவெளி மிச்சமிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதினொரு மாத வித்தியாசம் என்பது அதன் ஆயுளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆச்சரியப்பட வேண்டியது மருத்துவர்கள் கண்டுபிடித்தது. செப்டம்பர் 1ஐ வயது வரம்பாக வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகள் வகுப்பில் இளையவர்கள். செப்டம்பரில் பிறந்தவர்கள் மூத்தவர்கள். கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு என்று மருத்துவர் முத்திரை குத்திய பிள்ளைகள் ஆகஸ்டுக்காரர்களில் பத்தாயிரத்துக்கு 85 பேர். செப்டம்பர்க்காரர்களில் 64 பேர். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2018இல் வந்த ஆய்வு இது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தபோதும் இதே கதைதான். வகுப்புத் தோழர்களைவிடச் சில மாதம் பிந்திப் பிறந்ததற்காக ஒரு பிள்ளை மாத்திரை விழுங்குகிறது. வகுப்பில் சின்னதாக இருப்பதை நாம் நோயாகப் பார்த்துவிடுகிறோம். நம் ஊரில் மாத்திரை வரைக்கும் போக மாட்டோம். "சேட்டை", "மக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அந்தப் பெயர் மாத்திரையைவிட நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

டென்மார்க்கில் தாமஸ் டீ, ஹான்ஸ் ஹென்ரிக் சீவர்ட்சன் இருவரும் பார்த்தபோது, ஒரு வருடம் பிந்திப் பள்ளி தொடங்கிய பிள்ளைகளிடம் பதினொரு வயதில் கவனக்குறைவும் அமைதியின்மையும் வெகுவாகக் குறைந்திருந்தன. சராசரிப் பிள்ளைக்கு 73 சதவீதம் குறைவு என்பது அவர்கள் கணக்கு. இந்த எண்ணை எடுத்து வீசுகிறவர்கள் அடுத்த வரியைச் சொல்வதில்லை. டென்மார்க்கில் காத்திருக்கும் பிள்ளை வீட்டில் கைபேசி பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டுகிற தரமான பகல் பராமரிப்பில், நாளெல்லாம் விளையாடிக்கொண்டு காத்திருக்கிறது. பக்கத்து நாடான நார்வேயில் பிள்ளைகளை முப்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தவர்களுக்கோ, பிந்தித் தொடங்கியதால் படிப்பிலோ சம்பளத்திலோ சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. ஆக, தள்ளிப்போடுவது பிள்ளைப் பருவத்தை லேசாக்கலாம். பிள்ளையைக் கலெக்டர் ஆக்காது.

இன்னொரு கணக்கு இருக்கிறது. வகுப்பில் யாராவது ஒருவர் இளையவராக இருந்தே ஆக வேண்டும். மே மாதத்துப் பிள்ளைகளை எல்லாம் வீட்டில் நிறுத்திவிட்டால் ஏப்ரல் பிள்ளைகள் இளையவர்கள் ஆவார்கள். அமெரிக்காவில் இப்படி நிறுத்திவைக்கப்படும் பிள்ளைகள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். அவர்களில் ஆண் பிள்ளைகள் அதிகம், வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஆண் பிள்ளை என்றால் ஒரு வருடம் வளரட்டும் என்ற தயவு அங்கேயும் இருக்கிறது போலும். வசதியுள்ளவர் பிள்ளை வயதிலும் மூத்து, வீட்டுப் பயிற்சியிலும் முந்தி வந்து உட்கார்ந்தால், சரியான வயதில் வந்த கூலிக்காரர் பிள்ளை பக்கத்து இருக்கையில் சின்னதாகத் தெரியும். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக எடுக்கிற நியாயமான முடிவுகள் ஒன்று சேர்ந்து ஓர் அநியாயத்தை உண்டாக்கும் இடம் இது. அதனால்தான் வயதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விடாமல் விதியாகவே ஆறு என்று வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பின்லாந்தில் ஏழு வயதாகும் ஆண்டில் பள்ளி தொடங்குகிறது. சிங்கப்பூரில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறார்கள். யாரும் குடிமுழுகிப் போகவில்லை.

ஆனால் விதியை மாற்றினால் போதுமா? மீதிப் பாதிப் பெற்றோர் ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டேன் அல்லவா? பதில் சாலைக் கடைத்தெருவில் இருக்கிறது. அங்கே விடியுமுன் மூட்டை இறக்குகிறவர், பூக்கடையில் நாளெல்லாம் நார் கிழிக்கும் அம்மா, ஜவுளிக்கடையில் ஒன்பதரைக்கு நிற்க வேண்டிய பெண். இவர்களுக்குப் பள்ளிக்கூடம் முதலில் பிள்ளை பத்திரமாக இருக்கும் இடம்; அப்புறம்தான் படிப்பு. இன்னொரு வருடம் என்றால் இன்னொரு வருடத்து யூகேஜி கட்டணம், இன்னொரு வருடத்து ஆட்டோக் கூலி. அல்லது அம்மா வேலையை விட வேண்டும். ஐந்து வயதில் அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்பு இலவசம், மதியச் சோறும் உண்டு. அதை ஒரு வருடம் தள்ளிவைப்பது இவர்களுக்கு மாத பட்ஜெட் சம்பந்தப்பட்டது. குழந்தை உளவியல் பேசுகிறவர்கள் இந்த வீடுகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இவர்களுக்காகத்தான் அங்கன்வாடி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியில் கேரளத்தில் மட்டும் 33,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள். கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் மூன்று முதல் ஆறு வயதுவரை இலவச முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. கவனியுங்கள், செய்யலாம். ஆறு முதல் பதினான்குவரை உரிமை. ஆறுக்குக் கீழே அரசின் விருப்பம். ஒன்றாம் வகுப்பை ஐந்திலிருந்து ஆறுக்குத் தள்ளும்போது என்ன நடக்கிறது? ஏற்கெனவே பள்ளிக்குள் இருந்த ஒரு வயதுக்காரர்களை, உறுதியான வகுப்பறையிலிருந்து எடுத்து விருப்பத்தின் பக்கம் வைக்கிறோம். அதை ஈடுகட்ட அங்கன்வாடியையும் அரசுப் பள்ளி முன்பருவ வகுப்பையும் பலப்படுத்த வேண்டும்.

2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். ஆறு வயது அறிவிப்பு வந்த அதே மாதம், ஊதிய உயர்வு கேட்டு அங்கன்வாடி ஊழியர்கள் தலைமைச் செயலகத்தின் முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பு ஒரு துறையிலிருந்து வந்தது. போராட்டம் இன்னொரு துறையின் தலைவலி. பள்ளிக்கூடம் பொதுக் கல்வித் துறையிடம், அங்கன்வாடி மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடம். பிள்ளை மட்டும் ஒன்றுதான். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று ஒரு சின்னப் பையன் மழலையில் கேட்ட காணொளி கேரளம் முழுவதும் ஓடியது. சில மாதத்தில் அங்கன்வாடி உணவுப் பட்டியல் திருத்தப்பட்டு முட்டை பிரியாணி வந்தது. நல்ல காரியம். மண்ணும் மணியும் கதை சொல்லும் டீச்சரும் வேண்டும் என்று கேட்கும் காணொளி எப்போது வருமோ தெரியவில்லை. அரசுப் பள்ளிகளில் 'வர்ணக்கூடாரம்' என்ற பெயரில் விளையாட்டு மூலைகளோடு முன்பருவ வகுப்புகளைச் சமக்ர சிக்ஷா கேரளா உருவாக்கியிருக்கிறது. பார்த்தால் நமக்கே சின்னப் பிள்ளையாகிவிடத் தோன்றும். அது எல்லா வார்டிலும் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

கிழக்கேகோட்டைத் தமிழ் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், எல்கேஜியில் ஆங்கிலம். மூன்று வயதில் மூன்று மொழி. முதல் சில மாதம் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது. "பேச்சு போதாது, ஒரு வருடம் கழித்துக் கொண்டுவாருங்கள்" என்று பள்ளியில் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து இதே பிள்ளை ஆச்சியோடு நிறுத்தாமல் வாயாடிக்கொண்டிருக்கும். புது மொழிக்குள் விழுந்த குழந்தை கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும்; உலகம் முழுக்க அப்படித்தான். இந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் அடுத்த வருடமும் அதே மௌனத்தோடுதான் போய் நிற்கும், ஒரு வயது கூடியிருக்கும், அவ்வளவுதான். அதற்கு வேண்டியது மலையாளம் பேசும் பிள்ளைகளோடு விளையாட்டு. அது அங்கன்வாடியில் கிடைக்கும், வீட்டில் கிடைக்காது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பிள்ளை வீட்டிலும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சேர்ந்து விளையாடுவதில்லை. "அவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்று சொல்லி ஒரு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். காத்திருப்பு இங்கே மருந்தே அல்ல. போகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம். இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தத் தவறைச் செய்வதற்கு மன்னிப்பே கிடையாது. குழந்தை வளர்ச்சியை ஐந்தாறு நிமிடத்தில் சோதிக்க உதவும் ஓர் எளிய அட்டவணைக்குப் பெயரே திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை. மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் சகாக்களும் உருவாக்கியது. முதலில் இரண்டு வயதுவரை என்று 17 அம்சங்களோடு வந்தது, பிறகு ஆறு வயதுவரை விரித்தார்கள். ஆக்குளத்தில் பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனமான நிஷ் இருக்கிறது. கிழக்கேகோட்டையிலிருந்து இரண்டுக்கும் பஸ்ஸில் போய்விடலாம். சந்தேகம் இருந்தால் ஜூனுக்குக் காத்திராமல் முதலில் அங்கே போக வேண்டும். பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்பது அதற்கு அப்புறம்.

சில பள்ளிகள் சேர்க்கைக்கு முன் 'இன்டர்வியூ' என்று மூன்று வயதை உட்காரவைத்து நிறமும் பழமும் கேட்கின்றன. அதில் பிள்ளை மிரண்டு நின்றதற்காகத் தள்ளிப்போடும் பெற்றோரும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையிலேயே இப்படிச் சோதிப்பதைத் தடுக்கிறது. முதல் தடவைக்கு 25,000 ரூபாய்வரை, அடுத்தடுத்த தடவைக்கு 50,000 ரூபாய்வரை அபராதம். ஆறு வயதை அறிவித்த அதே பேச்சில், ஒன்றாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வும் நன்கொடையும் தண்டனைக்குரிய குற்றம் என்று அமைச்சரும் நினைவூட்டினார். நினைவூட்டலோடு நின்றால் போதாது.

வயதை மாற்றுவதில் மற்றவர்கள் பட்ட பாடு கேரளத்துக்குப் பாடமாக இருக்கிறது. கேந்திரிய வித்யாலயங்கள் 2022-23இல் திடீரென்று ஐந்தை ஆறாக்கின. அறிவிப்பு வந்தது சேர்க்கை தொடங்கப்போகும் நேரத்தில். பெற்றோர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள், உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2022 ஏப்ரலில் தோற்றுத் திரும்பினார்கள். குஜராத்தில் 2023இல் இதே வழக்கு. மூன்று வயது நிறையாத பிள்ளையை முன்பருவப் பள்ளியில் சேர்த்ததே பெற்றோர் செய்த சட்டவிரோதம் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. சட்டப்படி சரிதான். ஆனால் அந்தப் பள்ளிகளை நடக்கவிட்டு வேடிக்கை பார்த்தது யார் என்று யாராவது திருப்பிக் கேட்டிருக்கலாம். கர்நாடகம் 2022இல் ஆணை போட்டு, பெற்றோர் கூச்சலில் 2025-26க்குத் தள்ளிவைத்து, அந்த வருடமும் வந்தபோது ஐந்து வயது ஐந்து மாதம் போதும் என்று ஒரு வருடத்துக்குத் தளர்த்தியது. எல்லா இடத்திலும் அடிபட்டவர்கள் ஒரே கூட்டம்தான்: பழைய விதியை நம்பி மூன்று வயதில் எல்கேஜி சேர்த்து, புதிய விதியால் யூகேஜி வாசலில் நின்ற பிள்ளைகள்.

கிழக்கேகோட்டையில் பாதித் தமிழ் வீடுகளுக்குத் தாய்வீடு நாகர்கோவிலிலோ தக்கலையிலோ இருக்கும். அங்கே ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு. அக்கா பிள்ளையும் தங்கை பிள்ளையும் ஒரே மாதத்தில் பிறந்திருந்தாலும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பு முன்னால் இருக்கும். கோடை விடுமுறையில் இரண்டு மாதத்துக்கு இந்த ஒப்பீடு வீட்டை ஆட்டிவைக்கும். ஆட்டட்டும். வேலை மாற்றலில் எல்லை தாண்டுகிறவர்கள்தான் உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள். ஐந்து வயதில் அங்கே ஒன்றாம் வகுப்பு முடித்த பிள்ளையை இங்கே மறுபடி ஒன்றில் உட்காரவைப்பது கொடுமை. மாற்றுச் சான்றிதழோடு வரும் பிள்ளைக்கு வயதைப் பார்க்காமல் வகுப்பைத் தருவது என்று பொதுக் கல்வித் துறை இப்போதே எழுதிவைப்பது நல்லது.

தள்ளிப்போடுவதா என்று என்னைக் கேட்கிற இளம் பெற்றோரிடம் நான் சொல்வது: தள்ளுவதானால் முன்னாலேயே தள்ளுங்கள். யூகேஜி முடித்த பிள்ளையை மறுபடி யூகேஜியில் விட்டால், அதன் கூட்டாளிகள் ஒன்றாம் வகுப்பு வராந்தாவில் நடந்துபோவதை அது தினமும் பார்க்கும். ஐந்து வயதுக்கு அவமானம் புரியாது என்று நினைக்காதீர்கள். மூன்று வயதில் எல்கேஜிக்குப் பதிலாக அங்கன்வாடி, நான்கில் எல்கேஜி, ஐந்தில் யூகேஜி, ஆறில் ஒன்று. முடிவு எடுக்க வேண்டிய வயது மூன்று. எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டாம். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று டீச்சரிடம் சொல்கிறதா, தன் சாப்பாட்டைத் தானே சாப்பிடுகிறதா, அம்மா இல்லாமல் மூன்று மணி நேரம் அழாமல் இருக்கிறதா, "அந்தப் பந்தை எடுத்து அவனிடம் கொடு" என்றால் கொடுக்கிறதா என்று பாருங்கள். அக்டோபரில் பிறந்த பிள்ளையை, எதிர்வீட்டுக்காரர் நிறுத்தினார் என்பதற்காக நீங்களும் நிறுத்த வேண்டாம். அது ஏற்கெனவே மூத்த பிள்ளை. இன்னொரு வருடம் நிறுத்தினால் வகுப்பில் அதற்கு அலுப்புத்தான் மிஞ்சும். மே மாதத்துப் பிள்ளை என்றால் தயங்காமல் நிறுத்துங்கள். அந்த வருடம் பிள்ளை வீட்டுக்குள் அடைபடாமல் நாலு பிள்ளைகளோடு புழங்குவதற்கு வழி இருந்தால் மட்டும்.

அரசிடம் கேட்பதும் அதிகம் இல்லை. ஆறு என்ற விதி வரும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, ஏற்கெனவே யூகேஜியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கர்நாடகம் தந்ததுபோல ஒரு தளர்வு வேண்டும். அங்கன்வாடி டீச்சர் அந்தப் பிள்ளையை வருடம் முழுவதும் பார்த்தவர். சேர்க்கையின்போது அவர் எழுதித் தரும் ஒரு பக்கத்துக்கு மதிப்பு வேண்டும். சாலைக் கடைத்தெரு, அட்டக்குளங்கரை, மணக்காடு வட்டாரங்களில் அம்மாக்கள் கடைக்குப் போகிற நேரத்துக்கு முன்பே திறந்து, அவர்கள் திரும்புகிற நேரம்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிகள் வேண்டும். அதற்குக் கூடுதல் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வாழ்கிற அளவு சம்பளம் வேண்டும். வயதை ஆறாக்கும் அரசாணையோடு இதற்கான நிதி ஒதுக்கீட்டு ஆணையும் அதே நாளில் வர வேண்டும்.